ஷோரூமுக்கு முன்னாடி எ.புதூருக்கு ஒரு எட்டு!

கார் வாங்கப் போறீங்களா பாஸ்? சரி, நீங்க வாங்கலை... அப்பாதான் வாங்கப் போறார். ஆனா, எந்த மாடல்னு முடிவு பண்றது நீங்கதானே! மொபைல்ல இருபது ரிவ்யூ வீடியோ, மனசுல ஒரு கறுப்பு கலர் எஸ்.யு.வி. கரெக்டா? ஷோரூமுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு எட்டு எடமலைப்பட்டி புதூருக்கு வந்துட்டுப் போங்க.

திருச்சி ஜங்ஷன் பக்கமிருந்து கிராப்பட்டியைத் தாண்டினால் எங்க ஏரியா. முழுப் பேரையும் சொல்ல மூச்சு வாங்கும் என்பதால் சுருக்கமா 'எ.புதூர்'. பக்கத்துலயே பஞ்சப்பூர். 2025-ல் அங்கே புது பஸ் ஸ்டாண்ட் வந்ததிலிருந்து எங்க மெயின் ரோட்டுக்கு நிம்மதி போச்சு. அதை விடுங்க, நாம பார்க்க வேண்டியது மெயின் ரோடு இல்லை. எங்க தெருவுக்குள்ளே வாங்க.

தெரு அகலம் பன்னிரண்டு அடி. இது காகிதக் கணக்கு. ரெண்டு பக்கமும் வாசப்படி, கோலம், சாய்ச்சு நிறுத்தின ஸ்கூட்டி, தண்ணிக் குடம், முனையில இஸ்திரி வண்டி. இதெல்லாம் போக மிச்சம் இருக்கிறதுதான் ரோடு. பழைய மாருதி 800-ன் அகலம் 1,440 மில்லிமீட்டர், அதாவது நாலே முக்கால் அடிக்குள்ளே அடக்கம். இன்னைக்கு எல்லாரும் ஆசைப்படுற ஸ்கார்ப்பியோ-என் 1,917 மில்லிமீட்டர். கண்ணாடியைச் சேர்க்காமலே ஆறேகால் அடி! ரெண்டுக்கும் வித்தியாசம் ஒன்றரை அடிக்கு மேல. அந்த ஒன்றரை அடியிலதான் எங்க தெருவுல ஒருத்தர் சைக்கிளைத் தள்ளிட்டுப் போவார்.

கார் இத்தனை வருஷத்துல கொழுத்துப்போச்சு. தெரு அப்படியேதான் இருக்கு. என் சண்டை இவ்வளவுதான்.

எஸ்.யு.வி.யே கூடாதுன்னு சொல்றேன்னு நினைச்சுடாதீங்க. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடின பள்ளத்துலயும், வீட்டுக்கு வீடு போட்டு வச்சிருக்கிற ஸ்பீட் பிரேக்கர்லயும் அடி தட்டாமப் போறது ஒரு சுகம். மழைக்காலத்துல தெருவுல தண்ணி நின்னா உயரமான வண்டியோட அருமை தெரியும். 2024-25-ல் இந்தியாவில் விற்ற கார்களில் சுமார் 65 சதவிகிதம் இந்த யுட்டிலிட்டி ரகம்தான். ஊரே வாங்குதுன்னா ஏதோ காரணம் இருக்கணும்ல?

ஆனா டிசைன்னு வரும்போதுதான் சிரிப்பு வருது. நெக்ஸான், வென்யூ, பிரெஸ்ஸா, சோனெட்... நாலு கம்பெனி, நாலு வண்டி. நீளம் என்ன தெரியுமா? நாலுமே 3,995 மில்லிமீட்டர். பேசி வச்சு பிட் அடிச்ச மாதிரி! வாத்தியார் யாருன்னா, பட்ஜெட். 2006-ல் நாலு மீட்டருக்குள்ளே, சின்ன இன்ஜினோட இருக்கிற காருக்கு வரியை 24-லிருந்து 16 சதவிகிதமா குறைச்சாங்க. அன்னையிலிருந்து டிசைனர் கையில பென்சிலைவிட இன்ச் டேப்தான் அதிகம். 2025 செப்டம்பரிலும் அதே கோடுதான். உள்ளே இருந்தா ஜி.எஸ்.டி. 18, தாண்டினா 40. நீளத்துல கை வைக்க முடியாதா, உயர்த்து, அகலமாக்கு, மூஞ்சியைச் சிங்கம் மாதிரி வை. இதைத்தான் ரிவ்யூவுல 'ரோடு பிரசென்ஸ்'னு சொல்றாங்க. எங்க தெருவுல அதுக்குப் பேரு இடைஞ்சல்.

டிக்கிக்கு வாங்க. பிரெஸ்ஸாவுல 328 லிட்டர். அதைவிட ஒரு அடிக்கு மேலயே நீளம் குறைஞ்ச வேகன் ஆர்-ல 341 லிட்டர்! 1999 கடைசியில வேகன் ஆர் இங்கே வந்தப்போ 'அட்டைப்பெட்டி'ன்னு கிண்டல் பண்ணினோம். அட்டைப்பெட்டியிலதான் சார் நிறைய பொருள் அடுக்க முடியும். (சி.என்.ஜி. வண்டின்னா கதை வேற. பல வண்டியில சிலிண்டரே டிக்கியில குடித்தனம் பண்ணும். அதையும் பார்த்து வாங்குங்க.) லிட்டர் கணக்கு மட்டும் போதாது. காந்தி மார்க்கெட்ல 25 கிலோ அரிசிச் சிப்பம் வாங்கி, அதைத் தூக்கி டிக்கியில வச்சுப் பாருங்க. டிக்கியோட வாசல் இடுப்புக்கு மேல இருந்தா முதுகு நாலு நாளைக்குப் பேசும். இந்த உயரத்தை எந்த விளம்பரத்துலயாவது போட்டுப் பார்த்திருக்கீங்களா?

அப்புறம் கதவு. இதுல எனக்கு ஒரு தீராத ஆதங்கம் உண்டு. 1984-லிருந்து 2019 வரைக்கும் மாருதி ஆம்னி வந்துச்சு. தமிழ் சினிமாவுல ஹீரோயினைக் கடத்தணும்னா அதுதான் வரும். ஏன் அதுன்னு யோசிச்சிருக்கீங்களா? பக்கவாட்டுல சர்ருனு தள்ளுற கதவு. வில்லனுக்குப் புரிஞ்ச டிசைன் அருமை கம்பெனிகளுக்குப் புரியலை! எங்க தெருவுல சாதாரணக் காரோட கதவை முழுசாத் திறந்தா எதிர்வீட்டு ஸ்கூட்டி சாயும். பாதி திறந்து, வயித்தை எக்கி, ஒரு காலை மட்டும் வெளியே விட்டு இறங்குவோம். சந்துக்குன்னே பிறந்த கதவு அந்தத் தள்ளுகதவு. இன்னைக்குக் கட்டுப்படி ஆகிற விலையில அது வேணும்னா ஈக்கோதான். அதை ஓட்டிட்டு காலேஜுக்குப் போனா 'மச்சி, பால் வண்டியா?'ன்னு கேப்பானுங்க. கேக்கட்டுமே!

எங்க அப்பாயிக்கு எழுபத்தெட்டு வயசு. ரெண்டு முழங்காலும் ஸ்டிரைக். கார் டெஸ்ட் பண்றதுல அவங்களை மிஞ்ச ஆள் இல்லை. பழைய செடான் தாழ்வா இருக்கும், கிணத்துக்குள்ள இறங்குற மாதிரின்னு சொல்வாங்க. பெரிய எஸ்.யு.வி. பரண் மேல ஏறுற மாதிரி. உட்கார்ற இடம் இடுப்பு உயரத்துல இருந்து, கதவு அகலத் திறந்தா, 'அப்பாடி'ன்னு உட்கார்ந்துடுவாங்க. டாடா பஞ்ச் காரோட கதவு 90 டிகிரி திறக்கும். ஃபேன்சி லைட்டைவிட அதுதான் அப்பாயியோட ஸ்டார் ரேட்டிங். மூணு கதவு தார் வண்டியோட பின்சீட்டை ஒரு கல்யாணத்துல காட்டினோம். முன்சீட்டை மடக்கி, அதுக்குப் பின்னாடி நுழையணும். "நான் ஆட்டோவுலயே வர்றேன்டா சாமி"ன்னுட்டாங்க. அஞ்சு கதவோட ராக்ஸ் 2024 ஆகஸ்ட்லதான் வந்துச்சு. இப்போ கூப்பேன்னு பின்பக்கக் கூரையைச் சறுக்குமரம் மாதிரி சரிக்கிறது ஃபேஷன். போட்டோவுல செம. பின்சீட்ல ஏறுறவங்க தலையைக் கேட்டாத்தான் தெரியும்.

சன்ரூஃப் பத்தி ஒரே வார்த்தை: திருச்சி, மே மாசம், மத்தியானம் ஒரு மணி. (சரி, ஆறு வார்த்தை.)

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் சௌகரியம். இனிமே சொல்லப்போறது வேற.

போன வருஷம் சென்னையிலிருந்து மாமா புது எஸ்.யு.வி.யில வந்திருந்தார். பளபளன்னு, நெஞ்சு உயரத்துக்கு பானெட். "மாப்ள, வண்டியைக் கொஞ்சம் முன்னாடி எடுத்து ஓரமா போடேன்"னு சாவியைக் கொடுத்தார். எனக்கு வாயெல்லாம் பல்லு. ஏறி உட்கார்ந்தேன். ராஜா மாதிரி உயரம்! தெருமுனை வரைக்கும் தெரியுது, எதிர்வீட்டு மொட்டைமாடியில காயுற வத்தல் தெரியுது. கியரைப் போட்டு மெல்ல கிளட்சை விட்டேன்.

டமார்னு பானெட்ல ஒரு அடி. இஸ்திரி அக்கா. "நிப்பாட்டு! நிப்பாட்டுடா!"

பிரேக்கை மிதிச்சு, இறங்கி ஓடிப் போய்ப் பார்த்தா, பம்பருக்கு ரெண்டடி முன்னாடி யு.கே.ஜி. படிக்கிற பக்கத்து வீட்டுப் பொண்ணு குந்தி உட்கார்ந்து, சிதறின கலர் பென்சிலைப் பொறுக்கிட்டிருந்தா. நிமிர்ந்துகூடப் பார்க்கலை. அவ எழுந்து நின்னப்போகூட அவ தலை பானெட்டுக்குக் கீழேதான் இருந்துச்சு. மொட்டைமாடி வத்தல் தெரிஞ்ச எனக்கு அவ தெரியலை.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம நெட்ல தேடினேன். அமெரிக்காவுல ஐ.ஐ.எச்.எஸ்.னு ஒரு அமைப்பு, சாலைப் பாதுகாப்பு ஆராய்ச்சி பண்றவங்க. பாதசாரிகள் மேல கார் மோதின கிட்டத்தட்ட 18 ஆயிரம் விபத்துகளை அலசி 2023-ல் அறிக்கை வெளியிட்டிருக்காங்க. பானெட்டோட முன்முனை 40 இன்ச்சுக்கு மேல இருக்கிற வண்டி மோதினா, 30 இன்ச்சுக்குள்ள சரிவான மூக்கோட இருக்கிற வண்டியைவிட நடந்து போறவங்க சாகிற வாய்ப்பு சுமார் 45 சதவிகிதம் அதிகமாம். காரணம் சிம்பிள். தாழ்ந்த மூக்கு காலைத் தட்டி பானெட் மேல சாய்க்கும். உயர்ந்த மூக்கு நேரா நெஞ்சுல, தலையில இடிச்சுக் கீழே தள்ளும். 40 இன்ச்னா மூணடி நாலு இன்ச். யு.கே.ஜி. பொண்ணோட உயரத்தை நீங்களே யோசிச்சுக்கங்க.

நாம வாங்கும்போது 'அஞ்சு ஸ்டார்'னு பெருமையாக் கேக்குறோமே, பாரத் என்கேப்ல அந்த ஸ்டாருக்கு மார்க் போடுறது முக்கியமா உள்ளே உட்கார்ந்திருக்கிறவங்க பாதுகாப்பை வச்சு. அது வேணும், கண்டிப்பா வேணும். ஆனா பென்சில் பொறுக்குற பிள்ளை காருக்கு வெளியே இருக்கு. முன்னாடி தெரியுற 360 டிகிரி கேமரா வந்திருக்கு, நிஜமாவே உதவும். பெரும்பாலும் விலை கூடின வேரியன்ட்ல கிடைக்கும். மாமா வாங்கினது அதுக்கு ஒரு படி கீழே. கேமராவுக்குப் பதிலா சன்ரூஃப் இருந்துச்சு.

அதனால ஷோரூம்ல ஒரு வேலை பண்ணுங்க. டிரைவர் சீட்ல நீங்க உட்காருங்க. தம்பியோ தங்கச்சியோ, யார் குட்டையோ அவங்களை வண்டிக்கு முன்னாடி நிக்கச் சொல்லுங்க. தலை தெரியுற வரைக்கும் ஒவ்வொரு அடியா பின்னாடி போகச் சொல்லுங்க. எத்தனை அடின்னு எண்ணுங்க. சேல்ஸ்மேன் ஒரு மாதிரி பார்ப்பார். பார்த்துட்டுப் போகட்டும்.

மறுநாள் காலையில மாமா ஊருக்குக் கிளம்பினார். இஸ்திரி அக்கா பெட்டியைக் கீழே வச்சுட்டு வண்டி முன்னாடி வந்து நின்னாங்க. திண்ணையில இருந்த பிள்ளைங்களை விரல் நீட்டி எண்ணினாங்க. "ஒண்ணு, ரெண்டு, மூணு... இன்னொண்ணு எங்கடி?" உள்ளேயிருந்து பல் விளக்கிட்டே அந்த யு.கே.ஜி. பொண்ணு எட்டிப் பார்த்தா. "ம்... இப்ப எடுங்க"ன்னு அக்கா ஒதுங்கினாங்க.