கம்புக்கு முன்னால் கால்

கல்முனைக்குடியில் சிலம்படி பழக வருகிற பிள்ளையின் கையில் அண்ணாவியார் உடனே கம்பைக் கொடுத்துவிடுவதில்லை. முதலில் கால். முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, பாதம் நிலத்தில் பதிய நிற்க வேண்டும். தொடை நடுங்கும். வியர்வை கண்ணுக்குள் இறங்கும். துடைக்கக் கூடாது. நான் போன பின்னேரம், மஃரிப் தொழுகை முடிந்த கையோடு ஒரு வீட்டு வளவில் பிள்ளைகள் வரிசையாக அப்படித்தான் நின்றார்கள். மதிலுக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம் நிக்க வேணும், அண்ணாவியார்?" என்று கேட்டேன்.

"மூச்சு அடங்குமட்டும், மனெ. கால் நடுங்கினா பரவாயில்ல. கால் நடுங்கக்குள்ள மூச்சும் சேந்து நடுங்கினா, அவனுக்குக் கம்பெடுக்க இன்னும் நேரம் வரல்ல" என்றார்.

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை இந்தக் கரையோர முஸ்லிம் ஊர்களில் 'சீனடி, சிலம்படி' என்று இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள். சிலம்படிக்குக் கம்பு வேண்டும். சீனடி வெறுங்கை: அடி, தடுப்பு, பூட்டு, பூட்டைப் பிரிக்கிற வழி. பெருநாளிலும் கல்யாண ஊர்வலத்திலும் ஊர் பார்ப்பது கம்பின் வீச்சை. அந்த வீச்சுக்குப் பின்னால் இருக்கிற உடம்பை இந்த மாதிரி வளவுகளில்தான் பார்க்க முடியும்.

நிலை முடிந்ததும் பிள்ளைகள் இருவர் இருவராக எதிரெதிரே நின்றார்கள். முன்கையோடு முன்கை மோத வேண்டும்: உட்புறம் ஒன்று, வெளிப்புறம் ஒன்று, கீழே ஒன்று. பிறகு கை மாற்றி அதே மூன்று. வேகம் இல்லை, கோபமும் இல்லை. சின்னவன் ஒருவன் வலியில் பல்லைக் கடித்தான். அண்ணாவியார் அவனை நிறுத்தி, கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தார். வீக்கம் தொடங்கியிருந்தது. "இண்டைக்குப் போதும்" என்று தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கொடுத்தார். மற்றவர்கள் தொடர்ந்தார்கள்.

அந்த "போதும்" தான் உடம்பைப் பக்குவப்படுத்துவதன் சூட்சுமம். தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்கிறது என்று யூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1892இல் எழுதினார். ஆனால் அடி விழும்போதே எலும்பு வலுப்பதில்லை. அதற்குப் பிறகு வரும் ஓய்வில்தான் வலுக்கிறது. தசைநார்கள் தசையைவிட மெதுவாகவே உறுதிப்படும். அவசரப்படுகிறவன் உடம்பைக் கெடுத்துக்கொள்வான். எண்ணெய் தேய்ப்பது, மறுநாள் வேறு பயிற்சி செய்வது, ஈர மணலில் ஓடிக் கணுக்காலைப் பலப்படுத்துவது எல்லாம் தலைமுறைகளாகப் பிள்ளைகளின் கைகால்களைப் பார்த்துப் பார்த்து வந்த அறிவு.

சீனடி என்ற பெயரே சீனத்தைச் சொல்வதால், அங்கே ஒரு பௌத்த மடத்திலிருந்து கடல் கடந்து வந்த கலை இது என்று சிலர் கதை சொல்வார்கள். '7ஆம் அறிவு' படம் பார்த்தவர்கள் காஞ்சிபுரத்துத் துறவி போதிதர்மரைச் சீனத்து ஷாவோலின் மடத்துக்கு அனுப்பிவைத்து, அவரே சண்டைக்கலையைத் தொடக்கினார் என்பார்கள். கதை அழகானதுதான். ஆனால் ஷாவோலின் மடம் 5ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தபோது, அது பத்ரர் என்று சொல்லப்படும் வேறோர் இந்தியத் துறவிக்காகக் கட்டப்பட்டது. 547 அளவில் எழுதப்பட்ட சீன நூல் போதிதர்மரைப் பாரசீகர் என்கிறது. 7ஆம் நூற்றாண்டு நூலொன்று தென்னிந்தியர் என்கிறது. அவர் பெயரில் வழங்கும் உடற்பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது ஆய்வாளர்களின் முடிவு. 16ஆம் நூற்றாண்டில் கடற்கொள்ளையரை எதிர்த்துப் போன ஷாவோலின் துறவிகளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வெறுங்கை அல்ல, கம்பு.

சீனத்துக்கும் இலங்கைத் தீவுக்கும் இடையே கடல்வழி திறந்திருந்தது என்பதில் ஐயமில்லை. சீனத் துறவி பாஹியான் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்து இரண்டு ஆண்டுகள் தங்கினார். 1409ஆம் ஆண்டுத் தேதியோடு சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ நிறுத்திய கல்வெட்டு 1911இல் காலியில் கிடைத்தது; இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் கொடுத்த காணிக்கையைச் சொல்கிறது. செங் ஹோ முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். சீனடி இந்த வழியாகத்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரே கல்லில் மூன்று வணக்கமும் சேர்ந்து நிற்பது, கல்முனையில் நின்று நினைக்கும்போது மனதுக்கு நெருக்கமாக இருக்கிறது.

மறுநாள் சம்மாந்துறை வழியாக அம்பாறைக்குப் பஸ் ஏறினேன். இரு பக்கமும் கல்லோயா நீர் பாயும் வட்டைகள். வெள்ளாமை பச்சை பிடித்திருந்தது. ஒரு மணி நேரம்கூட ஆகாத பாதை. ஆனால் அதற்குள் பெயர்ப்பலகையின் மொழி மாறுகிறது, கும்பிடும் இடம் மாறுகிறது. ஆறாத கசப்புகளும் இந்தப் பாதையில் உண்டு. அம்பாறை நகருக்கு வெளியே, பாறைக் குன்றுகளுக்கும் காட்டுக்கும் நடுவே புத்தங்கல ஆரண்யம் இருக்கிறது. பழைய மடத்தின் இடிபாடுகளோடு துறவிகள் இன்றும் வாழும் இடம்.

அங்கே துறவி ஒருவர் கூட்டிச் சுத்தம் செய்த மணல் பாதையில் நடந்துகொண்டிருந்தார். குதிகால் ஊன்றுகிறது, பாதம் பதிகிறது, மற்றக் கால் எழுகிறது. பாதை முடிந்ததும் ஒரு கணம் நின்று, திரும்பி, மறுபடியும் நடை. நடப்பது, நிற்பது, இருப்பது, கிடப்பது என்ற நான்கு நிலையிலும் உடம்பை அறிந்திருக்கச் சொல்கிறது சதிபட்டான சூத்திரம். கையை மடக்குவதும் நீட்டுவதும்கூட அறிந்து செய்ய வேண்டியவை. மூச்சைக் கவனிப்பதில்தான் அந்தப் பாடமே தொடங்குகிறது. துறவி யாரையும் தடுக்கப் போவதில்லை, அடிக்கப் போவதுமில்லை. ஆனாலும் நேற்று வளவில் நின்ற பிள்ளைகளிடம் அண்ணாவியார் கேட்டதும் இந்தக் கவனத்தைத்தான்.

இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஒன்று அடி விழும்போது கலங்காமல் நிற்பதற்கு, மற்றது பற்றை விடுவதற்கு. நோக்கம் வேறு, வணக்கம் வேறு. ஆனால் வேறு வேறு நம்பிக்கையில் வளர்ந்த மனிதர்கள் ஒரே உண்மைக்கு வந்திருக்கிறார்கள்: உடம்பை மரத்துப்போக வைப்பது பயிற்சி அல்ல. உடம்பில் நடப்பதை முழுக்க அறிந்தும் குலையாமல் இருப்பதுதான் பயிற்சி. வலியை உணராதவன் அடுத்தவன் வலியையும் உணர மாட்டான். அப்படிப்பட்டவன் கையில் கம்பு கொடுப்பது ஊருக்கே ஆபத்து.

இந்தக் கரையில் அண்ணாவிமாருக்கு வயது போகிறது. அடி வரிசைகளை இப்போதே படம் பிடித்து வைக்க வேண்டும். பாடசாலை விளையாட்டு நேரத்தில் இதற்கும் இடம் கொடுக்க வேண்டும். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. வீச்சைப் படமாக வைக்கலாம். நிலையை, பக்கத்தில் ஒருவர் நின்று, கையைத் தடவிப் பார்த்து, "போதும்" சொல்லித்தான் கற்றுக்கொடுக்க முடியும். அதற்கு ஊர் தன் பின்னேரங்களைக் கொடுத்தாக வேண்டும்.