மூச்சுக்கு அளவு தந்தவர்களுக்கு

ரோண்டா ஃபாக் பள்ளத்தாக்கின் நிலக்கரித் தொழிலாளர்களுக்கு,

நான் தமிழ்நாட்டில் நெஞ்சக நோய் பார்க்கும் மருத்துவர். கல்குவாரியிலும் கிரஷரிலும் உழைத்துத் தேய்ந்தவர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். "மேடு ஏறினா மூச்சு வாங்குதா? உங்க வயசுக்காரங்களோட சேர்ந்து நடக்க முடியுதா? கொஞ்ச தூரத்துக்கொரு தரம் நின்னு போறீங்களா? சட்டை மாத்தினாலே இளைக்குதா?" என்று கேட்பேன். பதிலைப் பார்த்து ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண்ணைக் குறிப்பேன். உலகமெங்கும் மருத்துவர்கள் குறிக்கும் எண் அது. அதன் வேர் உங்கள் தெற்கு வேல்ஸில் இருக்கிறது. 1945இல் கார்டிஃப் அருகே லாண்டாக் மருத்துவமனையில் தூசி நோய்க்கென ஓர் ஆய்வுப் பிரிவு தொடங்கியது. அங்கே சார்ல்ஸ் ஃப்ளெட்சரும் அவருடைய சகாக்களும் சுரங்கத் தொழிலாளர்கள் சொல்லச் சொல்லக் கேட்டுத்தான் இந்தக் கேள்விகளுக்கு உருக்கொடுத்தார்கள். உங்கள் மூச்சைப் பற்றி உங்களையே கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதே பெரிய விஷயம்.

ஏனென்றால் அதற்கு முன்பு வெகுகாலம் உங்கள் சொல் எடுபடவில்லை. நிலக்கரித் தூசி தீங்கற்றது, காசநோயைக்கூடத் தடுக்கும் என்று நம்பிய மருத்துவர்கள் இருந்தார்கள். பாறைத் தூசியைச் சுவாசித்ததாக நிரூபித்தவருக்கே இழப்பீடு. நாளெல்லாம் கரியை வெட்டியவர் வெறுங்கையோடு திரும்பினார். சுரங்கத்துக்குள் இறங்காமல், துறைமுகத்தில் கப்பலின் அடியறையில் கரியை வாரிச் சமன்செய்தவர்களின் நுரையீரலிலும் அதே நோய் இருப்பதை 1940இல் கார்டிஃப் நோயியல் மருத்துவர் ஜெத்ரோ காஃப் காட்டினார். கரித்தூசியே கொல்லும் என்று நீங்கள் அனுபவத்தில் அறிந்திருந்ததற்கு அப்போதுதான் சான்று கிடைத்தது.

1943இல் இழப்பீடு வந்தது. கூடவே ஒரு கொடுமையும் வந்தது. நோய் உறுதியானவர் சுரங்க வேலையையே விட வேண்டும் என்றது விதி. வேறு தொழிலில்லாத பள்ளத்தாக்குகளில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து நின்றார்கள். ஓர் எக்ஸ்ரே படம் அடுப்பை அணைத்துவிடும் என்று கண்ணெதிரே பார்த்த ஊர் உங்களுடையது.

அப்படியிருந்தும், 1950இல் அதே ஆய்வுப் பிரிவின் மருத்துவர் ஆர்ச்சி காக்ரேன் தன் குழுவோடு வந்து ஊர் முழுவதையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றபோது நீங்கள் வந்தீர்கள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர்! இதன் அருமை கணக்கெடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நடக்க முடிந்தவர் மட்டும் வந்தால் நோய் குறைவாகத் தெரியும். நோயாளிகள் மட்டும் வந்தால் மிகையாகத் தெரியும். படியிறங்க முடியாதவரையும் விடாமல் வீடுவீடாகத் தேடிப் போனவர்களில் நோயால் வேலையிழந்த முன்னாள் தொழிலாளர்களும் இருந்தார்கள். தூசி நோய் முற்றுவதற்குக் காசநோய்க் கிருமி காரணமா என்பது அன்றைய கேள்வி. அந்தக் கருத்துக்குத் தெளிவான ஆதரவு கிடைக்கவில்லை. ஆனால் ஓர் ஊரையே முழுதாக ஆராய முடியும் என்பதை உலகம் உங்களிடம் கற்றது. பல பத்தாண்டுகள் கழித்தும் உங்களைத் தேடி வந்து, யார் இருக்கிறார்கள், யார் எதனால் போனார்கள் என்று பதிந்தார்கள். காக்ரேன் பெயரால் 1993இல் தொடங்கிய அமைப்பின் ஆய்வுத் தொகுப்புகளை நான் மருந்து எழுதும் முன் புரட்டுகிறேன். அட்டையில் அவர் பெயர் இருக்கிறது. உங்கள் பெயர்களும் இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எக்ஸ்ரே படத்தில் திட்டுத்திட்டாகத் தெரிந்தும் சிரமமில்லாதவர் உண்டு; படம் சுமாராக இருந்தும் பத்தடி நடக்க முடியாதவர் உண்டு. அதனால் என் அறைக்கு வரும் குவாரித் தொழிலாளி சொல்வதை முதலில் எழுதிக்கொள்கிறேன், படத்தைப் பிறகு பார்க்கிறேன். அவருடைய இழப்பீட்டு மனுவோடு போகும் சான்றிதழிலும் அந்த எண்ணைச் சேர்க்கிறேன்.

அன்புடன்,
ஒரு நெஞ்சக மருத்துவர்