ஆச்சிக்குத் தெரியாத கயிறு!

'மிரட்டலான கிராஃபிக்ஸ் படங்கள்' என்று ஒரு பட்டியல் போடலாம் என்றாலே, எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் அன்றைக்குச் சண்டை நிச்சயம். "பாகுபலியை மேலே வை" என்பார் ஒருவர். "எந்திரன் இல்லாம ஒரு லிஸ்ட்டா?" என்பார் இன்னொருவர். சீனியர் ஒருவர் மட்டும், "மாயா பஜார் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டு எல்லோர் வாயையும் அடைத்துவிடுவார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 'மாயா பஜார்' வந்தது 1957-ல். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் என்ற பேச்சே இல்லாத காலம். ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லியின் கேமரா தந்திரத்தில், லட்டுகள் தானாகப் பறந்து கடோத்கஜன் ரங்காராவின் வாய்க்குள் போகும். இன்றைக்கும் குழந்தைகள் அதைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள்.

பிறகு 1994-ல் 'காதலன்'. தலை, கை, கால் மறைந்துபோக, உடைகள் மட்டும் ஆடும் பிரபுதேவாவை யாரால் மறக்க முடியும்? அந்தப் படத்துக்கு ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கான தேசிய விருதும் கிடைத்தது. 2010-ல் வந்த 'எந்திரன்', 2012-ல் ஓர் ஈயையே ஹீரோவாக்கிய 'நான் ஈ' ஆகிய படங்களும் அதே விருதை வாங்கின.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் வித்தைகள். தெரியாத வித்தை ஒன்றும் இருக்கிறது. அதை எனக்குப் புரியவைத்த இடம் சீவலப்பேரி.

சீவலப்பேரி என்றதும் உங்களுக்கு நெப்போலியன் நடித்த 'சீவலப்பேரி பாண்டி' ஞாபகம் வரலாம். எனக்கு அது தாமிரபரணியோடு சிற்றாறு வந்து சேரும் ஊர், ஆச்சி ஊர். என் பெரியம்மா மகன் சென்னையில் ஒரு விஎஃப்எக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். ஒரு பொங்கலுக்கு எல்லோரும் ஊரில் கூடியிருந்தபோது, அண்ணன் வேலை பார்த்த படம் டிவியில் ஓடியது. ஹீரோ ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்குத் தாவினார்.

"ஏய்யா, இதுல நீ செஞ்சது எது?" என்று கேட்டார் ஆச்சி.

"அவர் இடுப்புல கட்டியிருக்க கயிறு தெரியுதா ஆச்சி?"

"கயிறா? ஒண்ணையும் காணலையே!"

"அதான் ஆச்சி நான் செஞ்சது."

ஆச்சி கொஞ்ச நேரம் யோசித்தார். "ஒண்ணும் தெரியாம இருக்கதுக்கா துட்டு குடுக்கான்?"

எல்லோரும் சிரித்தோம், அண்ணனும்தான். ஆனால், அந்த வேலையை அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். அந்தத் தாவல் 5 நொடி என்றால் 120 படங்கள். ஒவ்வொன்றிலும் கயிற்றை அழித்து, அதன் பின்னாலிருந்த சுவரையும் வானத்தையும் நிரப்ப வேண்டும். ஒரே ஒரு ஃபிரேமில் பிசகினாலும் திரையில் ஏதோ 'மினுக்'கென்று தெரியும். உடனே நாம் மீம் போட்டுவிடுவோம். சரியாகச் செய்தாலோ, அங்கே ஒரு வேலை நடந்ததே யாருக்கும் தெரியாது.

இது நம்மூர்க் கதை மட்டும் இல்லை. புதுச்சேரியில் தொடங்கும் 'லைஃப் ஆஃப் பை' படத்தின் புலியை உருவாக்கிய அமெரிக்க நிறுவனம் 'ரிதம் அண்ட் ஹியூஸ்'. அந்தப் படம் 2013 பிப்ரவரியில் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கரை வென்றது. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்புதான் அந்த நிறுவனம் திவாலாகி நீதிமன்றம் போயிருந்தது. விருது வாங்கியவர் மேடையில் அதைச் சொல்லத் தொடங்கியபோது, நேரம் முடிந்துவிட்டது என்று 'ஜாஸ்' பட இசையைப் போட்டார்கள். மைக்கும் அணைந்தது. உலகமே வியந்த புலியைச் செய்தவர்களின் நிலைமை இதுதான்.

இப்போது இந்தக் கயிறு அழிக்கும் வேலைக்கு ஏஐ கருவிகளும் வந்துவிட்டன. "இன்னும் எத்தனை வருஷம் இந்த வேலைன்னு தெரியல" என்கிறார் அண்ணன். ஊரில் காட்ட அவரிடம் விருது இல்லை. அந்தப் படத்தின் கடைசியில் ஓடியதுகூட நிறுவனத்தின் பெயர்தான்.

பல படங்களில் தனித்தனி பெயர்களும் ஓடுகின்றன. அதற்குள் நாம் பைக் எடுக்க ஓடிவிடுகிறோம். பார்க்கிங்கில் எப்படியும் பத்து நிமிடம் நெரிசல்தான். அந்த நேரத்தில் உட்கார்ந்து அந்தப் பெயர்களைப் படிக்கலாம். நம்ம ஊர்க்காரர் யாராவது இருந்தாலும் இருப்பார்!