இரட்டைக் கையுறை

புற்றுநோய் வார்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு நோயைக் கண்டும் பயமில்லை, மருந்தைக் கண்டும் பயமில்லை. சைக்ளோபாஸ்பமைடு குப்பியில் சலைனை ஏற்றி, வார்டு மேஜையிலேயே, ஃபேனுக்கு அடியில் நின்று குலுக்குவோம். ஊசிமுனையில் தெறித்தால் பஞ்சால் துடைப்பதோடு சரி.

கர்ப்பமான பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். அந்த மருந்து, போர்க்களத்து மஸ்டர்டு வாயுவின் வழிவந்தது. டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் சேர்த்துப் பூட்டிவிடும். பிரிய முடியாத செல் செத்துப்போகும். புற்றுச்செல் எது, நல்ல செல் எது என்று அதற்குத் தெரியாது. முடிவேர், வாயின் உட்தோல், எலும்பு மஜ்ஜை என்று வேகமாகப் பெருகுவதெல்லாம் அடிபடும். கொட்டிய முடி முளைத்துவிடும். செத்த செல்லைப் பற்றிக் கவலையில்லை. சாகாமல், டி.என்.ஏ.வைத் தப்பும் தவறுமாக ஒட்டுப்போட்டுக்கொண்டு பிழைத்துவிடும் மஜ்ஜைச் செல்தான் ஆபத்து. சில வருடம் கழித்து அது ரத்தப் புற்றாகலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இந்த மருந்தையே புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. இத்தகைய மருந்துகளைக் கையாண்ட நர்சுகளின் சிறுநீரில் மரபணுவைக் கெடுக்கும் தன்மை இருந்ததைப் பின்லாந்து ஆய்வாளர்கள் 1979-லேயே எழுதிவிட்டார்கள்.

வேறு வார்டு கேட்டேன். "நாங்கல்லாம் புள்ள பெத்துக்கலையா?" என்றார் மூத்த சிஸ்டர். இரட்டைக் கையுறையும் மாஸ்க்கும் கிடைத்தன. நோயாளிகளின் சிறுநீர்ப் பாத்திரத்தை எடுக்க ஆயாம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டேன். அவருக்கு வயதாகிவிட்டது, இனி பிள்ளையா பெறப்போகிறார் என்று ஒரு சமாதானம்.

மார்பகப் புற்றுக்கு வந்த ஓர் அக்கா ஒருநாள் என் கையையே பார்த்தார். "ரெண்டு உறை போட்டுத் தொடுறதையா என் நரம்புல ஏத்துறீங்க?"

மழுப்பத் தோன்றவில்லை. "ஆமாக்கா. நோய் திரும்பாம இருக்க இது வேணும். இதனால பின்னாடி ரத்தப் புற்று வர்றது நூத்துல ஒருத்தருக்கும் கம்மி. உங்களுக்கு இதுல ஆதாயம் இருக்கு. எனக்கு ஒண்ணும் இல்ல, அதான் உறை."

"அப்ப வீட்டுல எனக்குக் கக்கூஸ் கழுவுற மருமகளுக்கு?"

வராந்தாவில் உட்கார்ந்திருந்த மருமகளைக் கூப்பிட்டேன். இரண்டு நாளைக்குச் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து வெளியேறும். இருமுறை தண்ணீர் ஊற்று, உறை போட்டுக் கழுவு, துணியைத் தனியே துவை என்றேன்.

வாளியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்த ஆயாம்மா சொன்னார்: "ஏம்மா சிஸ்டர், இதுக்குத்தான் என்னையவே கூப்பிட்டுக்கிட்டு இருந்தீங்களா?"