ரிப்பன் மாளிகை முன் கொஞ்சம் நில்லுங்கள்

தஞ்சாவூரிலிருந்து சென்னைக்குப் போகும் நம்ம ஊர்க்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். சென்ட்ரல் பக்கம் போனால், சென்னை மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகையை நின்று பாருங்கள்.

1909-ல் மிண்டோ பிரபு அடிக்கல் நாட்ட, 1913-ல் திறந்த கட்டடம். கட்டியவர் லோகநாத முதலியார். செலவு ஏழரை லட்சம் ரூபாய். 132 அடிக் கோபுரத்தில் எட்டடி விட்டக் கடிகாரம். தினமும் சாவி கொடுத்து ஓட்டும் பழைய இயந்திரம் அது. அந்த வேலையைச் செய்த கைகள் மீது எனக்குத் தனி மரியாதை.

ஆனால் என்னை ஈர்ப்பது அந்தப் பெயர்தான். வைஸ்ராயாக இருந்த ரிப்பன், 1882-ல் உள்ளாட்சி பற்றி ஒரு தீர்மானம் வெளியிட்டார். உள்ளூர் மன்றங்களில் அரசு அதிகாரிகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது, மற்றவர்கள் முடிந்தவரை தேர்தலில் வர வேண்டும் என்றது அது. நம் தஞ்சை நகராட்சி 1866-லேயே பிறந்தது, 2014-ல் மாநகராட்சியானது. தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் வார்டு உறுப்பினரிடம் நாம் உரிமையோடு மனு கொடுக்கிறோமே, அதன் வேர்களில் ஒன்று ரிப்பனின் அந்தத் தீர்மானத்தில் இருக்கிறது.

கோடை விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போகிறேன். கோபுரத்தில் ஏற அனுமதி வாங்கியவர்கள் யாராவது இருந்தால், எப்படி என்று சொல்லுங்கள்.