வளையல் அளவு

ஐதராபாத்திற்குப் படிக்க வந்து ஓராண்டாகியும் நான் அறிந்த நகரம் விடுதிக்கும் வகுப்பறைக்கும் இடைப்பட்டதுதான். அக்குறை தீரச் சென்ற ஞாயிறன்று சுற்றுலாப் பேருந்தில் ஏறினேன்.

கோல்கொண்டாக் கோட்டை வாயிலில் கைதட்டினார் வழிகாட்டி. அவ்வொலி உச்சியிலுள்ள பாலா ஹிசாரில் கேட்குமாம். 1951-இல் திறக்கப்பெற்ற சாலார் ஜங் அருங்காட்சியகத்தில், பென்சோனி செதுக்கிய முக்காடிட்ட ரெபெக்காவைக் கண்டேன். சலவைக்கல்லா, மெல்லிய துகிலா என்று கண் மயங்கியது. அதற்குள், "நேரமாயிற்று!" என்ற குரல். இறுதியாக, 1591-இல் முகம்மது குலி குதுப் ஷா எழுப்பிய சார்மினார். ஆண்டுகளையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பெரிய அறிஞனாகிவிட்டதாக ஓர் எண்ணம்!

பேருந்தை அனுப்பிவிட்டு, அருகிலிருந்த லாட் பஜாருக்குள் நடந்தேன். விளக்கொளியில் கடைதோறும் அரக்கு வளையல்கள். ஒரு முதியவர் தணலில் அரக்கை இளக்கி, வளைத்து, கல் பதித்துக்கொண்டிருந்தார். அங்கே என்னை யாரும் விரட்டவில்லை, நெடுநேரம் நின்றேன். அம்மாவுக்கு ஒரு சோடி கேட்டேன்.

"அளவு என்ன, பேட்டா?"

விழித்தேன். பற்றி நடந்த கையின் அளவு எனக்குத் தெரியவில்லை!

வெட்கத்துடன் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். "எனக்கெதற்கடா வளையல்?" என்றார் அம்மா. பிறகு என் பழைய பள்ளி அளவுகோலைத் தேடியெடுத்து, கையிலிருந்த வளையலைக் கழற்றி அளந்து சொன்னார்.

குறிப்பேட்டில் 1591-க்குக் கீழே எழுதினேன்: அம்மா, 6 சென்டிமீட்டர்.

நண்பர்களே, நகரைப் பகலில் பேருந்தில் பாருங்கள். இரவில் நடந்தும் பாருங்கள்.