வலியும் வலைப்பந்தும்

வலைப்பந்தாட்டம் பயிற்றும் ஆசிரியை நாம். பதினைந்து வயது முதல் மாதந்தோறும் அடிவயிற்றைக் குடையும் வலியுடனேயே ஓடினோம். "ஓடியாடும் பெட்டைக்கு வருத்தமேது?" என்றனர் வீட்டார், வைத்தியர் ஒருவரும் அவ்வாறே கூறினார். எமது உடலுறுதியே எமக்கெதிரான சாட்சியாயிற்று.

ஒன்பது ஆண்டுகளின் பின்னரே நோயின் பெயரை அறிந்தோம்: எண்டோமெற்றியோசிஸ். கருப்பையின் உட்படலத்தை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே வளர்ந்து, அழற்சியையும் வலியையும் விளைவிக்கின்றது. இனப்பெருக்க வயதுடைய பெண்களுள் ஏறத்தாழ 10 சதவீதத்தினரை இது பீடிப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. முற்றாகக் குணமாக்கும் சிகிச்சை இல்லை. வலியைத் தணிக்க மருந்துகளும் சத்திரசிகிச்சையும் உண்டு.

இன்றும் காலையில் நடக்கிறோம். இயன்ற நாள்களில் மாணவியருடன் ஓடுகிறோம். தேகப்பயிற்சி நோயை நீக்கவில்லை; மனம் தளராது காக்கின்றது. வலி மிகுந்த நாளிற் படுத்துக்கொள்கிறோம். எமக்குச் சுகவீன லீவு உண்டு. மலைநாட்டிற் கொழுந்துக் கூடை சுமக்கும் நாட்கூலிச் சகோதரி படுத்தாலோ, அன்றைய கூலி இல்லை. அவளது வலிக்குச் சோம்பல் என்று பெயர்!

அண்மையில் மைதானத்தோரம் மாணவி ஒருத்தி வயிற்றைப் பிடித்தபடி குந்தியிருந்தாள். எம்மிடம் எவரும் கேளாத கேள்வியை அவளிடம் கேட்டோம்: "எவ்வளவு காலமாய் நோகுது, பிள்ளை?"

ஆசிரியத் தோழர்களே, நீங்களும் கேளுங்கள்.